அம்பலம் ஏறிய சொல்: டாக்டர் கிளெக்ஹார்ன் வாழ்க்கை



லால்பாக் தோட்டத்துக்குப் போகாத தமிழ் மாணவர் நம்முள் யார்? ஊரிலிருந்து தாய் தந்தையர் வந்தாலும், உறவினர் வந்தாலும், முதலில் அங்கேதான் அழைத்துச் செல்கிறோம். கண்ணாடி மாளிகையைக் காட்டுகிறோம். பாறையின் மேல் ஏறி நின்று பெங்களூர் நகரைக் காட்டுகிறோம். ஹைதர் அலி தொடங்கியது, திப்பு வளர்த்தது என்று இரண்டு வாக்கியம் சொல்கிறோம். அத்துடன் நம் வரலாற்று அறிவு முடிந்துவிடுகிறது.

அந்தத் தோட்டம் 1856-ஆம் ஆண்டில் அரசாங்கத் தாவரத் தோட்டமாக மாறியதற்கு ஒரு மருத்துவர் கூறிய யோசனையும் காரணமாகும். அவர் சென்னையில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். காடு அழிந்தால் நீரும் நிலமும் என்னாகும் என்று ஆராய்ந்து, அந்த ஆராய்ச்சியை அரசாங்கத்தின் சட்டமாகவே மாற்றியவர். ஹியூ கிளெக்ஹார்ன் என்பது அவர் பெயர்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆராய்ச்சியாளன் சொல் மட்டும் ஏறுமா? தட்பவெப்ப நிலை மாறுகிறது, கரிப்புகையைக் குறையுங்கள் என்று இன்று உலகத்து விஞ்ஞானிகள் ஓயாமல் சொல்கிறார்கள். அரசாங்கங்கள் சில சமயம் கேட்கின்றன. பல சமயம் கேட்பதில்லை. விஞ்ஞானம் படிக்கும் நமக்கு இது வெறும் அரசியல் செய்தி அன்று. நம் எதிர்காலத் தொழிலைப் பற்றிய கேள்வி. ஆகவே, தம் சொல்லை அம்பலம் ஏற்றிக் காட்டிய ஒருவரின் வாழ்க்கையைப் பார்ப்பது பயனுள்ளதாகும்.

சென்னையில் பிறந்த குழந்தை

1820-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் கிளெக்ஹார்ன் சென்னையில் பிறந்தார். தந்தையார் பாட்ரிக் சென்னை உயர்நீதி மன்றத்துக்கு முன்னோடியான சுப்ரீம் கோர்ட்டில் பதிவாளராக இருந்தார். பாட்டனாரின் பெயரும் ஹியூ கிளெக்ஹார்ன்தான். ஸ்காத்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக் கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த அவர், டச்சுக்காரரிடமிருந்து இலங்கையை ஆங்கிலேயர் கைப்பற்றத் துணை நின்று, பின்னர் அத்தீவில் ஆங்கில ஆட்சியின் முதல் தலைமைச் செயலாளராகவும் ஆனார். கல்விக் கூடத்திலிருந்து ஆட்சிக் கூடத்துக்குப் போவது அந்தக் குடும்பத்துக்குப் புதிதன்று!

நான்கு வயதில் குழந்தையைக் கப்பலேற்றி ஸ்காத்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஸ்திராவிதி என்னும் ஊரில், பாட்டனாரின் பண்ணையில் சிறுவன் வளர்ந்தான். மரம் நடுவதும் நிலத்தைப் பேணுவதும் அங்கேயே கண்ணில் பட்டன. பிறகு எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1841-இல் எம்.டி. பட்டம் பெற்றார். அந்நாளில் மருத்துவ மாணவர் எல்லோரும் தாவர நூலும் படித்தாக வேண்டும். மருந்து என்பதே பெரும்பாலும் செடி கொடிகளிலிருந்து வந்த காலம் அது. ஆகவே அந்நாளைய மருத்துவர் பலர் தாவர அறிஞராகவும் இருந்ததில் வியப்பில்லை.

மலைநாட்டில் மருத்துவர்

1842-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகக் கிளெக்ஹார்ன் சென்னைக்குத் திரும்பி வந்தார். சில ஆண்டுகளில் மைசூர் நாட்டின் மலைப்பகுதியாகிய சிமோகாவுக்கு மாற்றப்பட்டார். அப்போது மைசூரை ஆங்கில ஆணையர் மார்க் கப்பன் பெங்களூரில் அமர்ந்து நிர்வகித்து வந்தார். கப்பன் பூங்கா அவர் பெயரைத்தான் இன்றும் தாங்கி நிற்கிறது.

சிமோகாவில் நோயாளிகளைப் பார்த்த நேரம் போக எஞ்சிய நேரத்தைக் கிளெக்ஹார்ன் செடிகளுக்குக் கொடுத்தார். நாள்தோறும் ஒரு செடியைக் கால் மணி நேரமாவது உற்றுப் பார்க்க வேண்டும் என்று கியூ தோட்டத்துத் தலைவர் வில்லியம் ஹூக்கர் கூறிய அறிவுரையை அவர் நெறியாகக் கொண்டார். மராத்தியர் ஒருவரை அமர்த்திச் செடிகளைப் படமாக வரையச் செய்தார். கால் மணி நேரம் பெரிதா என்று நாம் கேட்கலாம். ஆண்டு ஒன்றுக்கு முந்நூற்று அறுபத்தைந்து செடிகள்! தேர்வுக்கு முதல் நாள் இரவு மட்டும் விழித்திருக்கும் நம் போன்றோர் நாணத்தக்க செய்தி இது.

செடியைத் தேடிக் காட்டுக்குள் போனவர், காடு குறைந்து வருவதையும் கண்டார். தேக்கும் பிற மரங்களும் கணக்கில்லாமல் வெட்டப்பட்டன. மலைவாழ் மக்கள் குமரி என்னும் முறையில் பயிர் செய்தனர். மரங்களை வெட்டிக் காயப்போட்டு, மழைக்கு முன் எரித்து, அந்தச் சாம்பலில் கேழ்வரகும் புன்செய் நெல்லும் விதைப்பார்கள். ஓரிரண்டு ஆண்டு விளைந்த பின் அந்த இடத்தை விட்டு வேறிடம் போவார்கள். நெடுங்காலம் கழித்து மீண்டும் வந்தால், காடு தேறியிருக்கும். அவசரப்பட்டு முன்னதாகவே வந்தால், தேறாது. கிளெக்ஹார்ன் கண்ணுக்குப் பட்டது தேறாத காடே. மழை நீர் மண்ணை அரித்துச் செல்வதையும், ஊற்றுகள் வற்றுவதையும் அவர் கவலையோடு நோக்கினார்.

அறிஞர் அவையில்

இந்தக் கவலை அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. தென்னமெரிக்காவில் வெனிசுவேலா நாட்டு ஏரி ஒன்று சுருங்கி வந்ததைக் கண்ட ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட், சுற்றியுள்ள காடு அழிந்ததே காரணம் என்று முன்னரே எழுதியிருந்தார். இந்தியாவில் பஞ்சங்கள் மாறி மாறி வந்தன. மரங்களுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று கம்பெனியின் இயக்குநர்களே 1847-இல் இலண்டனிலிருந்து கேட்டு எழுதினார்கள். சென்னையில் எட்வர்ட் பால்ஃபர் என்ற மற்றொரு மருத்துவர், மரங்கள் மழைக்கும் ஈரத்துக்கும் எவ்வாறு உதவுகின்றன என்று 1849-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நம் எழும்பூர்க் காட்சிசாலைக்கு முதல் தலைவராக விளங்கியவர் இந்தப் பால்ஃபரே.

1848-இல் உடல்நலம் குன்றிக் கிளெக்ஹார்ன் விடுப்பில் தாயகம் போனார். நோயாளியாகப் போனவர் ஓய்ந்து உட்காரவில்லை. 1850-இல் எடின்பரோவில் பிரிட்டிஷ் விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் கூடியது. வெப்ப நாடுகளில் காடுகள் அழிவதால் பொருளாதாரத்துக்கும் இயற்கை நிலைக்கும் என்ன விளைவு ஏற்படும் என்று ஆராய, அச்சங்கம் ஒரு குழுவை அமைத்தது. கிளெக்ஹார்ன், ஃபோர்ப்ஸ் ராயில், பேர்டு ஸ்மித், ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி ஆகிய நால்வர் அதில் இருந்தனர். 1851-இல் இப்ஸ்விச் நகரில் நடந்த கூட்டத்தில் குழுவின் அறிக்கை படிக்கப்பட்டது. அப்போது கிளெக்ஹார்னுக்கு வயது முப்பத்தொன்றுகூட நிரம்பவில்லை.

இந்த அறிக்கையின் சிறப்பு அதன் நேர்மையில் இருக்கிறது. காடு இருந்தால் மழை கூடுமா என்னும் கேள்விக்கு முடிவான சான்று இல்லை என்பதை அது மறைக்கவில்லை. ஆனால், காடு ஈரத்தைத் தேக்கி வைக்கிறது, ஊற்றுகளைக் காக்கிறது, மலைச் சரிவின் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது என்பவற்றுக்குச் சான்று வலுவாக உண்டு என்று பிரித்துக் காட்டியது. எதில் ஐயம், எதில் உறுதி என்று வகுத்துச் சொல்லிய பின், எல்லா ஐயமும் தீரும்வரை காத்திருந்தால் காடு மிஞ்சாது. ஆகவே அரசாங்கம் இப்போதே காக்க முன்வர வேண்டும் என்ற கருத்தை வைத்தது. இன்றைய விஞ்ஞானிகள் தட்பவெப்ப மாற்றத்தைப் பற்றி அறிக்கை எழுதும்போது பின்பற்றும் முறையும் ஏறத்தாழ இதுவேயன்றோ!

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். சிமோகாவிலிருந்து ஓர் இளம் மருத்துவர் தனியாக எழுதியிருந்தால், அது ஏதோ ஓர் அலுவலகத்துக் கட்டில் தூங்கியிருக்கும். அறிஞர் சங்கத்தின் பெயரால் வந்தபோது, அரசாங்கம் காது கொடுக்க வேண்டியதாயிற்று. தனி மனிதன் கண்டதைச் சான்றோர் அவை சோதித்து ஏற்றுக்கொள்ளும்போது, அச்சொல்லுக்குக் கனம் கூடுகிறது.

கல்லூரியும் தோட்டமும்

1852-இல் அவர் சென்னைக்கு மீண்டு, மருத்துவக் கல்லூரியில் தாவர நூலுக்கும் மருந்துப் பொருள் நூலுக்கும் பேராசிரியரானார். சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பையும் ஏற்று, அதன் தோட்டத்துச் செடிகளுக்கு 1853-இல் ஒரு பட்டியல் நூல் வெளியிட்டார். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்களுள் கோவிந்து என்ற தெலுங்கு ஓவியர் சிறந்தவர். ஆங்கிலேயரின் தாவர நூல்களுக்குப் பின்னால் இத்தகைய நம் நாட்டவரின் கையும் கண்ணும் இருந்தன என்பதை மறக்கலாகாது.

அந்நாளில் சென்னை ஆளுநராக இருந்தவர் ஹாரிஸ் பிரபு. காடுகளைக் காக்க ஒரு துறையை அமைத்துத் தருமாறு அவர் பேராசிரியரைக் கேட்டார். 1856 டிசம்பரில் சென்னை மாகாணத்துக்குக் காட்டுப் பாதுகாவலராகக் கிளெக்ஹார்ன் அமர்த்தப்பட்டார். அதே ஆண்டில்தான் லால்பாக் அரசாங்கத் தோட்டமாயிற்று. அத்தோட்டத்தை வருவாய் தேடும் பண்ணையாக்கக் கூடாது. நம் நாட்டுச் செடிகளின் பயனை ஆராயவும், வெளிநாட்டுச் செடிகளைப் பழக்கவும், மற்றத் தோட்டங்களோடு விதையும் நாற்றும் பரிமாறவும் அது பயன்பட வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம்தான் லால்பாக்கை இன்றும் கல்விக்குரிய இடமாக வைத்திருக்கிறது.

காட்டுப் பாதுகாவலர் மேசையின் முன் அமர்ந்துவிடவில்லை. குதிரையிலும் நடந்தும் மாகாணத்தின் மலைகளைச் சுற்றினார். 1858-இல் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆனைமலையின் உச்சிப் பகுதிகளுக்குப் போய்வந்து அதனை விரிவாக எழுதினார். தம் அறிக்கைகளைத் தொகுத்துத் தென்னிந்தியாவின் காடுகளும் தோட்டங்களும் என்ற பொருளில் ஆங்கில நூலொன்றை 1861-இல் வெளியிட்டார்.

அதே சமயம், புதிதாக ஒரு பெரும் பசி நாட்டுக்குள் நுழைந்திருந்தது. அதுதான் புகைவண்டி! 1856 ஜூலையில் இராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குத் தென்னாட்டின் முதல் வண்டி ஓடியது. 1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு வழி திறந்தது. நாம் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் அதே வழிதான். தண்டவாளத்தின் கீழே போடும் சிலீப்பர் கட்டைகளுக்கும், எஞ்சினில் எரிக்கும் விறகுக்கும் காடு காடாக மரம் வீழ்ந்தது. மலைச் சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் காட்டை விழுங்கின. இவற்றால் நேரும் விரயத்தையும் கிளெக்ஹார்ன் கண்டித்து எழுதினார். குறை முழுவதும் குடிமக்கள் மேல்தான் என்று அவர் கூறவில்லை.

வள்ளியின் தினைப்புனம்

இனிதான் கதையின் கசப்பான பகுதி வருகிறது.

ஆராய்ச்சியாளர் அரசாங்கத்திடம் பல யோசனைகளை வைத்தார். அரசாங்கம் எதை விரைந்து பற்றிக்கொண்டது? 1860-இல் சென்னை மாகாணத்தில் அனுமதியின்றிக் குமரி சாகுபடி செய்வதைத் தடை செய்து ஆணை பிறந்தது. புகைவண்டி நின்றதா? இல்லை. காப்பித் தோட்டம் நின்றதா? இல்லை. தோட்ட முதலாளிக்கு இலண்டன்வரை குரல் எட்டும். மலைமேல் இருப்பவனுக்குத் தாசில்தார் கச்சேரிகூட எட்டாது. ஆகவே சட்டம் முதலில் அவன் தலையில் விழுந்தது.

தமிழ் படித்த நமக்கு இது எளிதில் விளங்கும். குறிஞ்சி நிலத்து மக்கள் காட்டைச் சுட்டெரித்துத் தினை விதைத்ததைச் சங்க இலக்கியம் அறியும். வள்ளியம்மை பரண்மேல் நின்று கிளி ஓட்டியது அப்படிப்பட்ட தினைப்புனத்தில்தான். ஈராயிரம் ஆண்டுகளாக வாழ்க்கையாக இருந்தது, ஓர் ஆணையால் குற்றமாகிவிட்டது!

அந்த வழக்கம் காட்டைக் கெடுக்கவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. கெடுத்த இடங்களும் உண்டு. ஆனால் அதைத் தடுத்தவர்கள், அம்மக்களுக்கு வேறு சோறு எங்கே என்று அதே வேகத்தோடு கேட்கவில்லை. கிளெக்ஹார்ன் கொடியவர் அல்லர். ஆயினும் இந்தத் தடைக்கு முன்நின்று வழிவகுத்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதை மறைப்பது வரலாறாகாது.

அவர் இட்ட வித்து பெரிய மரமாயிற்று. 1865-இலும் 1878-இலும் இந்தியாவில் காட்டுச் சட்டங்கள் வந்தன. ஊராருக்குக் காட்டில் பழைய உரிமைகள் உண்டு என்று சென்னை அரசாங்கத்தின் வருவாய் வாரியத்தாரே வாதாடிய பின், 1882-இல் சென்னைக்குத் தனிச் சட்டம் பிறந்தது. காடு காப்பாற்றப்பட்டது, காட்டோடு வாழ்ந்தவன் அயலானான்.

என் சொந்த அனுபவம் ஒன்று. என் ஊர் தமிழ்நாட்டில் ஒரு மலையடிவாரச் சிற்றூர். என் பாட்டி இளமையில் தலைச்சுமையாக விறகு கொண்டுவந்தவர். வழியில் காவலர் கண்டால் அரிவாளைப் பிடுங்கிக்கொள்வாராம். அன்றைக்கு அடுப்பு எரியாதாம். நான் இங்கே விஞ்ஞானம் படிக்க வந்து, காடுகளால் விளையும் நன்மையைப் பாடமாகக் கற்றேன். விடுமுறையில் அதைப் பாட்டியிடம் பெருமையாக எடுத்துச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. காட்டைக் காக்க வேண்டியதுதான் என்றார். காக்கச் சொன்னவர்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

அந்திக் காலம்

1861-க்குப் பின் கிளெக்ஹார்ன் பஞ்சாபுக்கும் மேற்கு இமயத்துக்கும் அனுப்பப்பட்டார். தேவதாருக் காடுகளை ஆராய்ந்து 1864-இல் ஒரு பேரறிக்கை தந்தார். பர்மாத் தேக்குக் காடுகளில் புகழ்பெற்ற பிராண்டிஸ் அவ்வாண்டில் இந்தியக் காடுகளுக்கெல்லாம் தலைமை ஏற்றார். அவர் விடுப்பில் சென்றபோது அப்பதவியைக் கிளெக்ஹார்ன் சிலகாலம் வகித்தார். 1860-களின் இறுதியில் ஸ்காத்லாந்து திரும்பி, பாட்டனாரின் ஸ்திராவிதிப் பண்ணையில் குடியமர்ந்தார். எடின்பரோத் தாவரச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். பல்கலைக் கழகத்தில் காட்டு நூலைத் தனிப் பாடமாகக் கற்பிக்க வழிசெய்வதற்கு உழைத்தார். 1895-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். தாவர அறிஞர் ராபர்ட் வைட் ஒரு கொடி இனத்துக்குக் கிளெக்ஹார்னியா என்று பெயரிட்டு, நண்பரின் பெயரை நிலைக்கச் செய்தார்.

மழையைப் பற்றிய கேள்வி அவரோடு முடியவில்லை. இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர் பிளான்ஃபர்டு, 1887-இல் மழைக் கணக்குகளைக் கொண்டு அதனை மீண்டும் ஆராய்ந்தார். பருவமழையைப் பெரும்பாலும் கடலும் காற்றும் ஆள்கின்றன என்பதையும், பரந்த காடு தான் வெளிவிடும் ஈரத்தால் அதற்குத் துணை செய்கிறது என்பதையும் இன்று அறிவோம். கிளெக்ஹார்ன் அறியாதது ஒன்றும் உண்டு. அவர் இறந்த மறு ஆண்டு, 1896-இல், சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியஸ், காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி சூடேறும் என்று கணக்கிட்டுக் காட்டினார். அந்த வாயுவை மரங்கள் உடலில் சேர்த்து வைக்கின்றன. ஊற்றுக்காகவும் மண்ணுக்காகவும் காக்கப்பட்ட காடு, உலகத்தின் சூட்டைத் தணிக்கவும் உதவுகிறது. நல்ல காரியம் செய்தவர் எண்ணாத நன்மையும் அதிலிருந்து விளைவதுண்டு.

நாம் கற்க வேண்டியது

கிளெக்ஹார்ன் நடந்த இந்தப் பெங்களூரில் ஆராய்ச்சி மரபு அறுந்துபோகவில்லை. நகரத்தார் டாடா இன்ஸ்டிடியூட் என்று அழைக்கும் இந்திய அறிவியல் கழகத்தில் 1982-இல் வளிமண்டல ஆராய்ச்சிக்கும், 1983-இல் சூழலியல் ஆராய்ச்சிக்கும் தனி மையங்கள் தோன்றின. அங்கே பேராசிரியராக இருந்த மாதவ் காட்கில் தலைமையில் ஒரு வல்லுநர் குழு, மேற்கு மலைத்தொடரைப் பற்றி 2011-இல் அறிக்கை தந்தது. எங்கே எதைத் தடுக்கலாம் என்பதைக் கிராம சபைகளைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று அக்குழு வற்புறுத்தியது. மாநிலங்கள் எதிர்த்தன, அரசாங்கம் வேறொரு குழுவை அமைத்தது. 1860-இல் ஆராய்ச்சியாளர் மக்களைக் கேட்கவில்லை, அரசு ஏற்றது. 2011-இல் ஆராய்ச்சியாளர் மக்களைக் கேட்கச் சொன்னார்; அரசு தயங்கியது. இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்குப் பல செய்திகள் விளங்கும். இடையில் ஒரு நன்மையும் நடந்தது. காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்கும் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. கிளெக்ஹார்ன் காலத்துத் தவற்றுக்கு நாடு செய்த பிராயச்சித்தம் என்றே அதைக் கொள்ளலாம்; ஆனால் அது வருவதற்குள் நூற்றைம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன!

நண்பர்களே! கிளெக்ஹார்னிடம் நாம் கற்க வேண்டியவை பல. நாள்தோறும் கால் மணி நேரமாவது உற்று நோக்குதல்; ஐயத்தையும் உறுதியையும் பிரித்துச் சொல்லும் நேர்மை; தனியாகக் கூவாமல் அறிஞர் அவையின் மூலம் பேசுதல்; அரசு அழைத்தால் ஒதுங்கி நிற்காமல் பொறுப்பை ஏற்றல். இவை இல்லாமல் எந்த ஆராய்ச்சியும் சட்டமாகாது.

அவரிடம் இல்லாத ஒன்றையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாளை நம்முள் ஒருவர் நிலக்கரியை நிறுத்தச் சொல்லலாம். ஒரு பயிரை மாற்றச் சொல்லலாம். ஒரு மலையை மூடச் சொல்லலாம். சொல்லும்போது, இதன் சுமை முதலில் யார் தலையில் விழும் என்று கேட்டு, அதற்குரிய பரிகாரத்தையும் அதே அறிக்கையில் எழுதுவோமாக. ஆராய்ச்சியாளன் சொல் அம்பலம் ஏறும் என்று கிளெக்ஹார்ன் காட்டினார். ஏறும்போது ஏழையின் சொல்லையும் உடன் அழைத்துச் செல்வது நம் கடமை.

அடுத்த ஞாயிறு லால்பாக்கில் ஒரு மரத்தடியில் அமரும்போது, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.